வாயால் சொன்னால்தான் ஸ்பானரை எடுப்பார்

ஆரணியில் என்னை எதிர்த்துப் பேசியவர்கள் மூன்று பேர். ஒருத்தி என் வீட்டுக்காரி. இன்னொருவர் பல் டாக்டர்; அந்த நேரத்தில் அவர் கை என் வாய்க்குள் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாவது ஆள் ஒரு டூவீலர் மெக்கானிக். அவர் எதிர்த்துப் பேசினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பேசாமல் உட்கார்ந்தே என்னைத் தோற்கடித்தார்.

பெயரைச் சொல்லமாட்டேன். ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெக்கானிக் என்றால் அவர்தான். இப்போது ஓசூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருடைய தகர ஷெட் இருந்த இடத்தில் இன்றைக்கு செல்போன் கவர் விற்கிறார்கள்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியாது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. நானும் அதைக் கைகழுவினேன். அடுத்தவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தவன், இன்று முப்பது தறிக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டுகிற பட்டு நூல், கொடுக்கிறேன். ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் என் பட்டைத்தான் நெய்கிறார்கள். வங்கி மேனேஜர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். நான் ஒரு சேலையைப் புரட்டிப் பார்த்து "வேண்டாம்" என்று சொன்னால் அதை இந்த ஊரில் வேறு எவனும் வாங்கமாட்டான். அப்படிப்பட்ட ஆள் நான். ஒரு டப்பா எண்ணெயில் வழுக்கி விழுந்தேன்.

மெக்கானிக்குக்கு ஒரு சட்டம் இருந்தது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார், அதோடு வண்டியை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பார். "இன்னா பண்ணீங்க?" என்பார். வண்டிக்கு என்ன ஆச்சு என்ற கேள்வியே அவரிடம் கிடையாது. நீ என்ன பண்ணினாய் என்பதுதான் கேள்வி. ஒன்றும் பண்ணவில்லை, தானாக நின்றுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஸ்பானரைத் தொடமாட்டார். எத்தனை பெரிய மனுஷனாக இருந்தாலும் தான் செய்த கோளாறைத் தன் வாயால் சொன்ன பிறகுதான் வண்டியில் கை வைப்பார்.

அதுவரை உட்கார ஒரு பலகை போட்டிருந்தார். பக்கத்தில் ஓர் அலுமினியச் சட்டி நிறைய வேகவைத்த வேர்க்கடலை. அவர் பொண்டாட்டி தினமும் கொடுத்தனுப்புவது. பொய் சொல்கிறவர் பக்கமாக அந்தச் சட்டியை மரியாதையாகத் தள்ளிவிடுவார். நாமும் சும்மா உட்காரவேண்டாமே என்று உரித்துத் தின்ன ஆரம்பிப்போம். காலடியில் தோல் எவ்வளவு குவிந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் அந்த ஆள் பொய் சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம். வருகிறவன் போகிறவன் எல்லாம் தோலைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுவான். நான் பார்த்ததிலேயே பெரிய குவியல் ஒரு போலீஸ் ஏட்டுடையது. அடுத்தவனிடம் உண்மையை வாங்கியே தலை நரைத்த மனுஷன். காலையில் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தவர், சாப்பாட்டு நேரம் தாண்டி, "யோவ், ஏரியில எறக்கிக் கழுவுனேன்யா" என்று சொன்னார். எருமையைக் கழுவுகிற மாதிரி வண்டியை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திக் கழுவியிருக்கிறார். என்ஜினுக்குள் தண்ணீர் போய் ஆயில் டீ மாதிரி கலங்கிக் கிடந்தது. மெக்கானிக் அப்போதுதான் எழுந்தார். "இத பத்து மணிக்கே சொல்லியிருந்தா இந்நேரம் ஸ்டேஷன்ல இருப்பீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆள் பார்க்க ஒன்றுமில்லை. குள்ளம். கிழிந்த பனியன். கை துடைக்க மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் பழைய வேட்டித் துணி வைத்திருப்பார்கள். இவர் தறியில் விழுகிற பட்டுக் கழிவை வைத்திருப்பார். சிவப்பும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக ஒரு கொத்து நூல் அவர் இடுப்பில் தொங்கும். நான் கொடுத்ததுதான். அதில் கிரீஸைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது கரகம் எடுக்கப்போகிற பூசாரி மாதிரி இருப்பார்.

இந்தச் சட்டம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். மூடியைத் திறந்த உடனே உனக்கே தெரிந்துவிடுகிறதே, நேராக ரிப்பேர் பண்ணிக் கொடுத்தால் ஆகாதா என்றேன்.

"நானா கண்டுபுடிச்சா, மெக்கானிக் கில்லாடின்னு சொல்லிட்டுப் போயிடுவான். அடுத்த மாசம் திரும்ப அதையே பண்ணிட்டு வருவான்" என்றார். "அவன் வாயில வந்தாதான் அவன் கைக்கு ஏறும்."

சரி, பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சம்பவம் நடந்தது. சேத்துப்பட்டு ரோட்டில் நெசவு செய்கிற ஒரு பையன், கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க் வளைந்த வண்டியோடு வந்தான். நான் எங்கும் இடிக்கவில்லை, கீழே போடவில்லை, சத்தியமாக ஒன்றும் தெரியாது என்கிறான். இரண்டு நாள் வந்து வேர்க்கடலை தின்றுவிட்டுப் போனான். எனக்கே பாவமாக இருந்தது. இவனுக்காவது சட்டத்தைத் தளர்த்தக் கூடாதா என்று கேட்டேன். மெக்கானிக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவன் பொண்டாட்டி தனியாக வந்து நின்றாள். அவர் தறியில் உட்கார்ந்திருந்தபோது நான்தான் ரெண்டு மாசமாக ஏரிக்கரையில் ஓட்டிப் பழகினேன், புளியமரத்தில் விட்டுவிட்டேன், அவருக்குத் தெரியாது என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மெக்கானிக் ஸ்பானரை எடுத்துக்கொண்டே, "எத்தினியாவது கியர்ல போனீங்க?" என்று கேட்டார். மூணாவது என்றாள். "ரெண்டு மாசத்துல மூணாவதா" என்று அவர் மெச்சிக்கொண்டதை நான் கேட்டேன். என் சேலையை யாரும் அந்த மாதிரி மெச்சி நான் கேட்டதில்லை. சாயங்காலம் அவளே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். புருஷன் பின்னால் உட்கார்ந்து போனான்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன்.

சிந்தெடிக் ஆயிலை ஆரணிக்குள் தைரியமாக ஊற்றியவர் அவர்தான். மற்ற மெக்கானிக்குகள் எல்லாரும், அது வழுக்கல் ஜாஸ்தி, பைக்கில் ஊற்றினால் கிளட்ச் பிடிக்காது, காருக்குத்தான் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். இவர் பலகையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் விளக்குவார். கார் கிளட்ச் வெளியே காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பைக்கில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே அண்டாவில் குளிக்கிற மாதிரி. அதே எண்ணெய் பிஸ்டனை வழுக்கிவிடவும் வேண்டும், கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க விடவும் வேண்டும். கார் ஆயில் சிலவற்றில் பெட்ரோலை மிச்சம் பண்ணுவதற்காக வழுக்கு மருந்து சேர்த்திருப்பான், அதுதான் பிளேட்டைக் கெடுக்கும். அதை விட்டுவிட்டு சிந்தெடிக் மேல் பழி போடாதே. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பு, எம்.ஏ. என்று இரண்டு எழுத்து இருக்கிறதா பார், இருந்தால் ஊற்று. இதுதான் அவர் பாட்டு.

ஏழாவது படித்தவன் வண்டிக்கு எம்.ஏ. எண்ணெய் எதற்கு என்று நான் கேட்டதும் பலகையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் வண்டிக்கும் அதையே ஊற்றினார்.

நல்லாத்தான் இருந்தது, நான் மறுக்கவில்லை. என்னிடம் கார் இருக்கிறது, ஆனால் நெசவாளர் தெருக்களுக்குள் அது நுழையாது. பெட்ரோல் டேங்க் மேல் பாவு மூட்டையை வைத்துக்கொண்டு வெயிலில் ஒண்ணுபுரம் போய்த் திரும்ப பைக்தான் லாயக்கு. சித்திரை வெயிலில்கூட கியர் வெண்ணெயாக விழுந்தது. என்னைப் பார்த்து பாவு தூக்குகிறவர்கள், சேலை தூக்குகிறவர்கள், போளூர் வரை போய் வருகிற வியாபாரிகள் எல்லாரும் அதற்கு மாறினார்கள். என்னைப் பார்த்துத்தான் மாறினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் இருக்கிற என் மகன் காருக்கு வாங்கிய ஆயிலில் பெரிய டப்பா ஒன்று பாதிக்கு மேல் மிச்சமாகி வீட்டில் கிடந்தது. அதுவும் சிந்தெடிக். விலையோ பைக் ஆயிலைவிட அதிகம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பட்டு நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் போதும், எந்தத் தரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்த விரலை நம்பித்தான் நான் மேலே வந்தேன். கார் ஆயிலில் ஒரு சொட்டு வைத்து உருட்டினேன். பிறகு கையைத் துடைத்துவிட்டு என் பைக்கில் இருந்த ஆயிலில் ஒரு சொட்டு. கார் ஆயில் இருந்த இடம் தெரியாமல் ஓடியது. பைக் ஆயில் கொஞ்சம் நின்று நிதானித்துப் போனது. எங்கள் தொழிலில் எது வழவழவென்று போகிறதோ அதுதான் உசத்தி. எனக்கு முடிவாகிவிட்டது. மெக்கானிக் இரண்டாம் தரத்தை ஊற்றி என்னை ஏமாற்றியிருக்கிறார்.

டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. சேலை வாங்கினால் முதலில் பின்பக்கத்தைத் திருப்புகிற ஆள் நான்.

அன்றைக்கே பழையதை இறக்கிவிட்டு என் கையாலேயே கார் ஆயிலை ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள், இரண்டு பாவு மூட்டையோடு ஆற்றுப்பாலத்து மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க என்ஜின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவன் என் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி. ஜரிகைக் கடை வைத்திருக்கிறான். நூறு கிலோ உடம்பு. பக்கத்தில் வந்து நிறுத்தினான்.

"இன்னா மாமா, சத்தம் மெட்ராஸ் போயிட்ச்சு, வண்டி இங்கியே கீது."

இருபது பேர் பார்க்கிறார்கள். என்னை நம்பிப் பாவு வாங்குகிறவர்கள் அதில் நான்கு பேர். என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. மெக்கானிக் சிந்தெடிக் ஊத்தினானில்ல, அதான் கிளட்சைத் தின்னுட்ச்சு என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் ஜரிகைக் கடைக்கு வராத நெசவாளி ஆரணியில் கிடையாது. என் மச்சானும் சும்மா இருக்கிற ஆள் கிடையாது. சொன்னதோ நான். சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்க, மொதலாளி வண்டியே போச்சாம், சிந்தெடிக் வேலையாம் என்று பேச்சு.

வண்டியை மெக்கானிக்கிடம்தான் தள்ளிக்கொண்டு போனேன். அவர் மூடியைத் திறந்தார், குச்சியை விட்டு எடுத்தார், முகர்ந்தார், ஒரு சொட்டைத் தகரத்தில் விட்டு அது ஓடுவதைப் பார்த்தார். மூடியை மூடினார்.

"இன்னா ஊத்தினீங்க, மொதலாளி?"

"நீ ஊத்தினதுதான்."

என் முகத்தையே கொஞ்சம் பார்த்தார். கோபம் இல்லை. சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார். நான் வேர்க்கடலையைத் தொடவில்லை. அந்தக் குவியல் என் பெயரில் இருக்கக் கூடாது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

பதினோரு நாள் அந்த வண்டி அங்கே நின்றது. இடையில் இரண்டு மூன்று முறை, சும்மா அந்தப் பக்கமாக வந்தேன் என்ற மாதிரி போய் நின்றேன். ஒருநாள் முள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் வந்து, என் எதிரிலேயே, மொதலாளி வண்டி உன் ஆயிலால்தான் போச்சாமே, எனக்கு அதை இறக்கிவிட்டுப் பழைய ஆயிலையே ஊற்றிவிடு என்றார். மெக்கானிக் என்னைக் கையால் காட்டி, "அவுரே இங்க கீறாரு, கேட்டுக்கோங்க" என்றார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மெக்கானிக் குனிந்து, நல்ல ஆயிலை இறக்கிவிட்டு அவர் கேட்டதை ஊற்றினார்.

நீங்கள் நினைக்கலாம், அவருக்குத்தான் தெரியுமே, முதலாளி கார் ஆயில் ஊற்றினார் என்று ஊரில் சொல்லவேண்டியதுதானே என்று. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். சொன்னால் இல்லையென்று சாதிக்க நான் தயாராக இருந்தேன். அவர் சொல்லவில்லை. வண்டிக்காரன் வாயில் வரவேண்டியதை அவர் வாயால் சொல்லமாட்டார். ஏட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வைத்த சட்டத்தைத் தன் கடை போகிற நேரத்திலும் மாற்றவில்லை. பலகை காலியாகிவிட்டது. மத்தியானத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பிரஷர் ஸ்டவ் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை, டீக்கடையில் ஒரு செய்தி காதில் விழுந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய ஷெட் வைத்திருக்கிற ஒருவன், இவரிடமே தொழில் கற்றவன், அவனிடம் போய் இவர் வேலைக்குக் கேட்டிருக்கிறார். ஒண்ணாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறானாம்.

மற்றவர்களுக்கு இது சாதாரணமாக இருக்கலாம். நான் அடுத்தவன் தறியில் கூலிக்கு உட்கார்ந்தவன். சொந்தமாக ஒரு தறி போட்ட அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கூலிக்குப் போ என்று என்னை எவனாவது சொல்லியிருந்தால் அவனை உயிரோடு விட்டிருக்கமாட்டேன். இப்போது அந்த 'எவனாவது' நான்தான்.

டம்ளரை வைத்துவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். பலகையில் உட்கார்ந்தேன். கார் ஆயில் ஊத்தினேன்யா என்றேன். விரலில் உருட்டிப் பார்த்ததையும், நீ ஏமாத்துறேன்னு நெனச்சேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். எடுத்தால் முழுசாக எடுக்கிற ஆள் நான்.

அவர் எழுந்து ஸ்பானரை எடுத்தார். கிளட்ச் பிளேட்டுகளை வெளியே எடுத்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி பளபளவென்று, கருகின நாற்றத்தோடு இருந்தன. புதுசு போட்டார். பைக்குக்கு உரிய சிந்தெடிக்கை ஊற்றினார். நான் தயங்கி நின்றேன். வேறு ஏதாவது பண்ணணுமா என்று கேட்டேன்.

"வண்டிக்கு இது போதும் மொதலாளி" என்றார்.

அந்த "வண்டிக்கு" என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுத்தியது.

நேராக மச்சானின் ஜரிகைக் கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. தப்பு என்னுது, கார் ஆயிலை ஊத்தினவன் நான், மெக்கானிக் மேல ஒண்ணுமில்ல என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். இப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் சொன்னதில்லை. பாராட்டுவார்கள் அல்லது காறித் துப்புவார்கள், இரண்டில் ஒன்று என்று நினைத்தேன்.

மச்சான் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் தோளைத் தட்டினான்.

"அவன் வந்து உங்க கால்ல வுழுந்தானா மாமா?"

"எவன்டா?"

"மெக்கானிக்குதான். பாவம்னு அவனுக்காகப் பேசிகினு கீறீங்க. உங்க மனசு யாருக்கு வரும்."

கூட்டத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். ஒரு கிழவர் கும்பிட்டே விட்டார். சாயக்கடையில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், வங்கியில் மேனேஜரிடம்கூடச் சொன்னேன். எவனும் நம்பவில்லை. நீங்களாவது, தப்பாவது, அண்ணா சும்மா தமாஷ் பண்றாரு என்கிறார்கள். நாற்பது வருஷம் பாடுபட்டு, இந்த ஆள் கை வைத்தால் தப்பாகாது என்று ஊரை நம்பவைத்திருக்கிறேன். அது எனக்கே எதிரியாக வந்து நின்றது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் இடத்தில் வேறு எவனாவது இருந்திருந்தால் ஒரே நிமிஷத்தில் நம்பியிருப்பார்கள்.

சொன்னால் நம்பாதவனுக்குக் காட்டத்தான் வேண்டும். மறுநாள் காலை பதினோரு மணிக்கு மச்சான் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அடியில் வீட்டுச் சோற்றுத் தவலையை வைத்தேன். அதற்கு வீட்டில் நடந்த சண்டை தனி. முந்தின நாள் ஊற்றிய தங்கமான ஆயிலை எல்லார் எதிரிலும் இறக்கினேன். மகனுடைய கார் டப்பாவைத் தூக்கிக் காட்டினேன், பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், படிக்கத் தெரிந்தவனைப் படிக்கச் சொன்னேன். எம்.ஏ. இல்லை. ஊற்றினேன். மச்சானைப் பின்னால் ஏறச் சொன்னேன். நூறு கிலோ அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. டேங்க் மேல் இரண்டு பாவு. பாருங்கள், இப்போது வழுக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வழுக்கவில்லை.

கோட்டை மைதானத்தைச் சுற்றினேன், மார்க்கெட்டைச் சுற்றினேன், சாயங்காலம் வரை சுற்றினேன். புது பிளேட்டு, கல் மாதிரி பிடிக்கிறது. பாழாய்ப்போன வண்டி அன்றைக்கென்று குதிரை மாதிரி ஓடுகிறது. கடை வாசலில் இறங்கிய மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொன்னான்.

"பாத்தீங்களா மாமா, கார் ஆயிலு சூப்பரா கீது. மெக்கானிக்கு ஊத்தினதுதான் வெஷம்."

நல்லது செய்யப் போய் அந்த மனுஷன் தலையில் இன்னும் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டேன். ஒண்ணாம் தேதிக்கு நான்கு நாள்தான் பாக்கி.

இரண்டாம் நாள் மூன்று பாவு ஏற்றினேன். சந்து சந்தாகப் பாதி கிளட்சைப் பிடித்தபடி ஊர்ந்தேன். மச்சான் தொடை மரத்துப்போச்சு என்று அழுதான். ஷெட் வழியாகப் போகும்போது மெக்கானிக் ஸ்டவ்வைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். புது பிளேட்டைப் பாழாக்குகிறேன் என்று திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சமதரையில சுத்தினா எப்பிடி மொதலாளி சறுக்கும்?" என்றார். "மேட்டுல ஏத்துங்க. நாலாவது கியர்ல போட்டு முறுக்குங்க."

தன் கையால் போட்ட பிளேட்டைச் சாகடிக்க வழி சொல்லிக்கொடுக்கிறார். அதிலும் தப்பாகச் செய்தால் அவருக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயில். ஆற்றுப்பாலத்து மேட்டில் மேலும் கீழுமாக ஏறி இறங்கினேன். பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். வேர்க்கடலை விற்கிறவன்கூட வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டான். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, நாலாவது கியரில் முழுசாக முறுக்கினேன். என்ஜின் ஓவென்று கத்தியது. வண்டி அப்படியே தளர்ந்து, நடக்கிற ஆள் எங்களைத் தாண்டிப் போனான். கருகின நாற்றம் மூக்கில் ஏறியது. என் முதல் சேலை விற்ற அன்றைக்குக்கூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பின்னால் இருந்து மச்சானின் குரல் மெதுவாக வந்தது. "நெஜமாவே நீங்கதானா மாமா?"

"எறங்கித் தள்ளுடா" என்றேன்.

தள்ளினான். பாலத்திலிருந்து மார்க்கெட் வரை நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன், அவன் பின்னால் தள்ளினான். கேட்டவனுக்கும் சொன்னேன், கேட்காதவனுக்கும் சொன்னேன். நான் ஓய்ந்தபோது மச்சான் சொன்னான். மூன்று நாள் இடுப்பு வலியில் வந்த உண்மை என்பதால் அவன் சொன்னதில் என்னைவிட வேகம் இருந்தது. ஷெட்டுக்குப் போகும்போது பின்னால் முப்பது நாற்பது பேர். மாமா இப்பிடிப் பண்ணுவாருன்னு நான் கனவுலயும் நெனைக்கலடா என்று மச்சான் அவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தான். அதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம்.

மெக்கானிக் ஷட்டரை முழுசாகத் தூக்கினார். பலகையைத் துடைத்தார். நான் உட்கார்ந்தேன். அத்தனை பேர் எதிரிலும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன்: மகன் டப்பா, என் விரல், ஞாயிற்றுக்கிழமை, பாலத்தில் சொன்ன பொய், எல்லாம். அவர் அந்தப் பட்டுக் கழிவில் கையைத் துடைத்துக்கொண்டே, முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்தேன். எழுந்து ஸ்பானரை எடுக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து முள்ளிப்பட்டுக்காரர் வந்து வண்டியை நிறுத்தினார். அன்றைக்கு நல்ல ஆயிலை இறக்கச் சொன்ன அதே ஆள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்னா இங்க, யாருக்கு இன்னா ஆச்சு என்று கேட்டார்.

மெக்கானிக் எடுத்த ஸ்பானரைத் திரும்ப வைத்தார். அவருக்கு உட்கார இடம் ஒதுக்கினார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மொதலாளி, இவுரு இப்பதான் வராரு."

சொன்னேன். பலகை நிறைந்துவிட்டது, ஒண்ணாம் தேதி அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேலைக்குப் போகவேண்டி வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏழு முறை சொன்னேன். ஏழாவது முறை முடித்த பிறகுதான் என் வண்டியில் கை வைத்தார்.